சாம்பிராணி விடும் சிவப்பு வண்டி

முதலியார்பேட்டையில் தணிகாசலம் வைத்திருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பதினான்கு வருடமாகச் சாம்பிராணிப் புகைதான் விட்டுக்கொண்டிருந்தது. பெட்ரோல் எல்லோரும் போடும் பங்க்கில்தான் போட்டார். குறை சொல்ல ஒருவரும் இல்லாததால் அவர் அதை எந்த மெக்கானிக்கிடமும் காட்டவில்லை.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய் அவர், ஊர்ப் பேச்சில் சொல்தா. மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் ஓடக்கூடிய வண்டியை வாங்கி, ஆட்டோவும் மாடும் வழிமறிக்கும் தெருவில் முப்பதைத் தாண்டாமல் ஓட்டியது அவருடைய தனிப் புத்திசாலித்தனம். வாங்கியபின் வந்த முதல் ஆயுத பூஜையன்று, முன்பக்கம் போட்ட கோலம் கலைந்துவிடுமென்று அவர் மனைவி மாலா சாம்பிராணியைச் சைலன்சர் பக்கமாகக் காட்டினாள். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவதற்காக அவர் அந்த நேரம் பார்த்து எஞ்சினைக் கிளப்பினார். அது புகையை வெளியே விடுவதற்குப் பதில் ஒரு மூச்சு உள்ளே இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து இப்படித்தான்.

எதிர்வீட்டு ஹேமலதாதான் முதலில் தன் குழந்தையைத் தலைக்கு ஊற்றித் துண்டில் சுற்றி எடுத்துவந்தாள். புகை காட்டிய குழந்தை நான்கு மணி நேரம் அசையாமல் தூங்கியது. அப்புறம் கேட்கவா வேண்டும்? தினமும் காலை ஏழு மணிக்குத் தாய்மார்கள் காருக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். தணிகாசலம் பனியனோடு உள்ளே உட்கார்ந்து பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவார். அவருக்கும் மாலாவுக்கும் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிகளுக்கு ஏறி இறங்கிப் பல வருடம் போராடி, ஒருநாள் போவதை நிறுத்திவிட்டவர்கள். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே மாலா ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்தாள். பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போனார்கள், அடுத்தவை வந்தன.

இந்த வருடம் வண்டிக்குப் பதினைந்து முடிந்தது. பதிவைப் புதுப்பிக்க அரசாங்கத்தின் புகைச் சான்றிதழ் வேண்டும், கிடைக்காவிட்டால் காயலான் கடைதான். சாம்பிராணியை எந்தக் கணக்கில் சேர்ப்பார்களோ என்று மாலா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சோதனை அதிகாரி கலீலுல்லா யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதவர். சைலன்சருக்குள் குழாயை விட்டார். பூஜ்யம் காட்டியது. பூஜ்யத்தைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. வண்டி ஓடவில்லை என்றது. மூன்று முறை சோதித்தும் அதையே சொன்னது.

"வண்டி ஓடுது சார்."

"எனக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியலையே."

இயந்திரம் ஏற்காத வண்டியை அதிகாரி பத்து நிமிடம் பின்னால் இருந்து கண்ணாலும் மூக்காலும் சோதித்துக் கையால் எழுதலாம் என்று விதியில் ஒரு வரி உண்டு. கலீலுல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான்காவது நிமிடம் தூங்கிப்போனார். ஒன்றரை மணி நேரம் தூங்கினார். பின்னால் நின்ற லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்காமல் பீடியை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். எஞ்சினை நிறுத்தினால் விழித்துக்கொள்வாரோ, நிறுத்தாவிட்டால் பெட்ரோல் தீர்ந்துவிடுமோ என்று தணிகாசலம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தவித்தார். போர்முனையில்கூட அவர் அப்படிப் பயந்ததில்லை.

விழித்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். படிவத்தில், 'புகை உண்டு. தீங்கில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

"ஆறு மாசம் கழிச்சுத் திரும்பக் காட்டணும்," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மத்தியான சாப்பாட்டுக்கு அப்புறமா எடுத்துட்டு வாங்க," என்றார்.

வெளியே வந்த தணிகாசலம் அப்பாடா என்று ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி மாலாவுக்குப் போன் போட்டார்.

"குடுத்துட்டாங்க."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவள் அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"நாளைக்குப் புள்ளைங்கள வரச் சொல்லட்டுமா?"

"வரச் சொல்லு."

மறுநாள் ஏழு மணிக்கு ஒன்பது குழந்தைகள் வந்தன.