காலி ஃபோல்டர்

...பச்சை, சோதனை தேறிவிட்டது, மறுபடியும் பச்சை, பதினோராவது தடவை, சரி, இதையும் அழித்துவிட்டுப் புதிதாக ஒரு கணினி, புதிது என்றால் கடையிலிருந்து வந்ததில்லை, அவளுடைய கணினிக்குள்ளேயே ஒரு ஜன்னலாகத் திறக்கிற பொய்க் கணினி, யாரும் ஒரு எழுத்துக்கூடச் சேமித்திராதது, அதில் மென்பொருளை நிறுவுகிற இன்ஸ்டாலரைப் போடு, ஓடவிடு, பிறகு நீக்கு, ஃபோல்டரில் ஏற்கெனவே இருந்த கோப்புகள் பிழைத்தனவா பார்... பிழைத்தன. சந்தோஷப்பட வேண்டும். படவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொடுவதுபோல் இருந்தது, விரலுக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை. மூன்று நாளாக இப்படித்தான். அழுதால்கூடத் தேவலை என்று நினைத்தாள், நினைத்துவிட்டுப் பதின்மூன்றாவதை ஓடவிட்டாள்.

எட்டு வருடமாக இந்த பேக்கேஜ் மேனேஜருக்கு அவள்தான் இன்ஸ்டாலர் செய்கிறாள். வேண்டிய மென்பொருளின் பெயரைச் சொன்னால் அதையும் அதற்குத் துணையானவற்றையும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து பொருத்தித் தருகிற சமாச்சாரம், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், ஆபீஸ் முடிந்த மிச்ச நேரத்தில் நாலைந்து பேர் சேர்ந்து செய்வது. போன மாதம் அவள் மாற்றிய ஒரு வரி. நீக்கும்போது தான் கொண்டுவந்து வைத்ததை மட்டும் எடுக்க வேண்டியது, உட்கார்ந்திருந்த ஃபோல்டரையே தூக்கிக்கொண்டு போய்விட்டது. சோதித்தாளே, சோதிக்காமலா விட்டாள், ஒவ்வொரு தடவையும் சோதித்தாள், காலி ஃபோல்டரில்... காலி ஃபோல்டரில் எது போனது எது நின்றது என்று யாருக்குத் தெரியும்? கூட வேலை பார்க்கிற கொசு, அந்தப் பெயர் அவனே வைத்துக்கொண்டது, முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை, “நானும்தானே பாத்து ஓகே சொன்னேன், உன் தலையில மட்டும் போட்டுக்காத” என்று எழுதியிருந்தான். நல்லவன். படித்தாள், ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்பினாள்.

ஃபோல்டரைப் பறிகொடுத்த அந்த அம்மாள் திட்டியிருக்கலாம். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களுக்குப் பேசக் கற்றுத்தருகிறவராம், குரலை அளக்கும் கருவி ஒன்று வேண்டியிருந்திருக்கிறது, அதற்காக இதை நிறுவியிருக்கிறார், பதிவுகள் இருந்த ஃபோல்டரையே இடமாகக் காட்டியிருக்கிறார், ஏதோ சரியாக வராததால் நீக்கியிருக்கிறார். நாற்பத்தொரு பேரின் குரல்கள். முதல் வாரம் முனகல், எட்டாவது வாரம் ஒரு சொல், அப்படி. மீட்கும் வழிகளையெல்லாம் பார்த்தாகிவிட்டது, கிடைத்தவை துண்டு துக்கடா. மின்னஞ்சலில் நாலே வரி. வேறு யாருக்கும் இப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சரியானதும் ஒரு போன் செய்யுங்கள், அந்தக் கருவி எனக்கு இன்னும் தேவைப்படுகிறது. கீழே எண். ஒரு வசைகூட இல்லை. வசை இருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி மாதிரி இருந்திருக்கும்.

கணவன் வந்து ஆறிப்போன டீ டம்ளரை எடுத்தான். “இன்னும் அதேவா?” கடைசித் தடவை என்றாள். “காலையிலேர்ந்து நாலு கடைசி ஆச்சு. அந்தம்மாகிட்ட பேசினியா?” சரியானதும் பேசச் சொன்னாங்க. “சரியாயிடுச்சா?” பச்சைதான். “அப்பறம் என்ன?” அப்புறம் என்ன... எண்ணை அழுத்தினாள், யோசித்தால் பதினாலாவதை ஓட்டிக்கொண்டிருப்பாள்.

அந்த அம்மாளின் குரல் நிதானமாக இருந்தது, ஒவ்வொரு சொல்லையும் முழுசாக முடித்துவிட்டே அடுத்ததைத் தொட்டது, தொழில் அப்படி. மன்னிச்சிடுங்க என்று தொடங்கினாள், அந்த அம்மாள் “ம்” என்றார், அது சரி என்பதா மேலே சொல் என்பதா தெரியவில்லை. சரி பண்ணியாச்சுங்க, பதிமூணு தடவை பாத்துட்டேன், இனிமே எதுவும் போகாது.

“எதுல பாத்தீங்க?”

“சோதனைக்குன்னே புதுசா ஒரு கம்ப்யூட்டர் மாதிரி செஞ்சு, அதுல...”

“உங்களோடதுல பாத்தீங்களா? உங்க சொந்த ஃபைல் இருக்கற இடத்துல?”

இல்லை. எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. யாருமே கேட்டதில்லை. “இப்பவே பாக்கறேன், லைன்லயே இருங்க,” என்றாள். தன் ஃபோல்டரைக் காட்டினாள், அப்பாவின் ஸ்கேன் படங்கள், அக்கா மகளுக்கு எழுதி அனுப்பாத கடிதங்கள், கல்யாணத்துக்கு முன் கணவனோடு மெயிலில் போட்ட சண்டைகள்கூட அதில்தான். நிறுவியது. நீக்கு என்ற பொத்தான் வந்தது. அந்த வரியை அவளே திருத்தினாள், எழுத்தெழுத்தாகத் தெரியும், ஒன்றும் ஆகாது, ஆகாதென்று இப்போதுதான் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள்... விரல் இறங்கவில்லை. மூன்று நாளில் முதல் தடவையாக உடம்பில் ஏதோ அசைந்தது, அது பயம்.

“ஒரு நிமிஷம்ங்க,” என்றாள், “முதல்ல என் ஃபைலுக்கெல்லாம் ஒரு காப்பி எடுத்துக்கறேன்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். “எடுத்துக்கோங்க,” என்றார் அந்த அம்மாள். “நீக்கறப்ப என்னை அது நிறுத்தி ஒரு வார்த்தை கேக்கலை.”

கேட்கவில்லைதான். இப்போதும் கேட்காது. அழிக்காமலிருக்கத்தான் மூன்று நாளாகப் பாடுபட்டாள், உள்ளே என்னவோ இருக்கிறதே, எடுத்துவிடவா என்று கேட்க வைக்க வேண்டுமென்று தோன்றவேயில்லை, எந்தச் சோதனையும் அதைச் சிவப்பாகக் காட்டவில்லை. கோப்புகளின் நகல் ஏறத் தொடங்கியது, இன்னும் பதினெட்டு நிமிடம் என்றது திரை. அந்த அம்மாள் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.