தீத்திப் பறவையும் ஏப்ரல் கல்யாணமும்

கல்யாணத்தை ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா ஃபிலிப்பா முடிவு செய்தபோது மணப்பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திராட்சைத் தோட்டத்து மண்டபம் அந்த வாரம்தான் காலியாம். அந்தத் தென்கோடி நாட்டில் ஏப்ரல்தான் இலையெல்லாம் பழுக்கும் காலம், போட்டோவில் பொன்னாக விழுமாம். இந்தச் செய்தி மணப்பெண் ரேவாவுக்கு மாப்பிள்ளை ஹாமிஷ் மூலமாகத்தான் வந்தது. அதையும் பல் தேய்த்துக்கொண்டே சொன்னான். வாயில் நுரை இருந்தால் திட்டு பாதியாகக் குறையும் என்று நினைத்தானோ என்னவோ.

ஏப்ரலில் ரேவா தீவில் இருப்பாள். அவள் அம்மா ஹூரியாவின் குடும்பத்துக்குத் தெற்குக் கடலில் ஒரு சின்னத் தீவில் தீத்திப் பறவை பிடிக்கும் உரிமை உண்டு. ரத்தவழி வந்த உரிமை, கோடி கொட்டினாலும் கடையில் கிடைக்காது. ஏப்ரலும் மேயும்தான் பருவம். மண் பொந்துக்குள் தோள்வரை கையை விட்டுக் கொழுத்த குஞ்சை எடுத்து, இறகு பறித்து, உப்பு போட்டு வாளியில் அடைத்துக் கொண்டுவந்தால் உறவு முழுக்க வருஷம் பூராவும் சாப்பிடும். மே முடிவதற்குள் மிச்சக் குஞ்சுகள் பறந்துவிடும். இந்த வருஷம் ஹூரியாவுக்கு இடுப்பு போய்க் கைத்தடி வந்துவிட்டது. ரேவாவும் போகவில்லை என்றால் அந்தக் குடும்பத்திலிருந்து தீவுக்கு ஒருவரும் இல்லை. தீவிலுள்ள தங்கள் குடிசையில் புகை எழாத ஒரு ஏப்ரலை அவள் பார்த்ததே கிடையாது. படகுக்கு ஆள் சேர்க்கும் தியோனே மாமா வேறு, "உன் பேரைப் போடவா வேண்டாமா?" என்று போனில் அரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மாகிட்ட நானே பக்குவமா சொல்றேன்" என்று ஹாமிஷ் கிறிஸ்துமஸிலேயே சொன்னான். இப்போது பிப்ரவரி. பக்குவம் இன்னும் வரவில்லை.

இரண்டு குடும்பமும் ஒருநாள் சேர்ந்து ஊர் சுற்ற வேண்டும் என்பதும் ஃபிலிப்பாவின் யோசனைதான். காலையில் பள்ளத்தாக்கு ரயில், மதியம் கடல் பறவை பார்க்கப் படகு. அவளும் கணவர் கிரஹாமும் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வந்திருந்தார்கள். ஹூரியா பிளஃபிலிருந்து முந்தின நாளே பஸ் ஏறி, மகள் வீட்டுச் சமையலறையைத் தன் வசம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

டனீடன் ஸ்டேஷனில் ரேவா ஹாமிஷின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"இன்னைக்கு நீ சொல்லல, நான் சொல்லுவேன். நான் சொன்னா நல்லாருக்காது, பாத்துக்கோ."

"ரயில்ல சொல்றேன். சத்தியமா."

ஹாமிஷ் நல்லவன். நல்லவன் நல்லவன் என்று ஊரே சொல்கிற ஆண்களில் பாதிப்பேர் அம்மா முன்னால் வாய் திறக்காத ஆண்கள்தான், இதைக் கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்துகொண்டால் பெண்களுக்கு நல்லது.

ரயில் ஊரைத் தாண்டி மலைக்குள் நுழைந்தது. கீழே தையெரி ஆறு கறுப்புத் தேநீர் நிறத்தில் பாறைக்குப் பாறை மோதிக்கொண்டு போயிற்று. இரும்புப் பாலத்தின்மேல் வண்டி மெல்ல ஊர்ந்தபோது ஃபிலிப்பா ஜன்னலை விட்டு நகரவே இல்லை. அவளுக்குப் பறவை என்றால் உயிர். கழுத்தில் பைனாகுலர், சட்டையில் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் சின்னம், பேச்சிலெல்லாம் இறகு. மண்டபத்தைப் பற்றியும் மேஜைப் பூவைப் பற்றியும் அவள் பேசப் பேச, ரேவா ஹாமிஷின் காலை மேஜைக்கடியில் மிதித்தாள். அவன் காலை நகர்த்திக்கொண்டான்.

அப்போதுதான் ஹூரியா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். மூன்று முறை தண்ணீர் மாற்றி வேகவைத்து உப்பை இறக்கிய தீத்தி, அவித்த உருளைக்கிழங்கு, ரொட்டி. போன பருவத்து வாளியில் கடைசியாக இருந்ததையெல்லாம் சுரண்டி எடுத்து வந்திருந்தாள். சம்பந்திக்குப் பரிமாற அவர்கள் ஊரில் இதைவிட மேலான சாப்பாடு இல்லை. பறவை பார்க்கக் கிளம்பியவர்களுக்குப் பறவையையே கொடுக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கருவாடும் ஆட்டுக்கொழுப்பும் சேர்ந்து அடித்தது போன்ற வாசனையில் பின்னிருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஃபிலிப்பா ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். புருவம் உயர்ந்தது. இன்னொரு துண்டு எடுத்தாள்.

"அடடா, என்ன ருசி! இது என்னங்க?"

ஹூரியாவின் முகம் மலர்ந்தது. அவள் வாய் திறப்பதற்குள் ஹாமிஷ் முந்திக்கொண்டான்.

"வாத்தும்மா. புகை போட்ட வாத்து."

ரேவா அவனைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். கிடைக்காத பொருளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அதன் பெயரைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தாள் ஹூரியா. "ஆமா, ஒரு மாதிரி வாத்துதான்" என்று மென்று விழுங்கினாள். கிரஹாம் மட்டும் யாரையும் பார்க்காமல், பேசாமல், மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டினார்.

ரேவா ஹாமிஷை ரயில் பெட்டிக்கு வெளியே, காற்றடிக்கிற திறந்த மேடைக்கு இழுத்துப் போனாள்.

"எங்கம்மா சமையலுக்கு நீ யாருடா பேர் வைக்கறது?"

"அம்மா அந்தச் சங்கத்துல இருக்காங்க ரேவா. வாந்தி எடுத்துருப்பாங்க."

"எடுக்கட்டும். ஜன்னல் தொறந்துதானே இருக்கு. தேதியைப் பத்தி எப்பச் சொல்லப்போற?"

"படகுல..."

சுரங்கம் வந்து அவன் மிச்ச வார்த்தையை விழுங்கிவிட்டது. அதில் ஒன்றும் பெரிதாக இருந்திருக்காது என்பது ரேவாவுக்குத் தெரியும்.

மதியம் படகுத்துறைக்குப் போகும் பஸ்ஸில் ஹூரியா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு பொண்ணே. ஒரு வருஷம்தானே. கல்யாணம் முடியட்டும். பறவை எங்க போயிடப்போகுது?"

"ஜப்பானுக்குப் போயிடும்மா. நீதானே சொல்லுவ."

"சிரிக்க வைக்காத, இடுப்பு வலிக்குது." ஹூரியா சிரிக்கவில்லை. "உனக்கு முப்பத்தி நாலு ஆச்சு. அம்மாவோட பறவைக்காக இந்தக் கல்யாணம் நின்னுச்சுன்னு நாளைக்கு நீ என்னைக் குத்திக்காட்டக் கூடாது. அதான் நானும் வாத்துன்னு சொன்னேன்."

அந்த ஒரு பேச்சில் ரேவாவுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. யாருக்கும் தலை வணங்காத அம்மா. தீவுக்கு ஒரு முறை அதிகாரி வந்து குடிசையை அளந்தபோது, டேப்பைப் பிடுங்கிக் கடலில் எறிந்தவள். அவளையே இவர்கள் வாத்து என்று சொல்ல வைத்துவிட்டார்கள், அதுவும் மகளின் கல்யாணத்தைக் காரணமாக்கி. இனி ஹாமிஷ் சொன்னாலென்ன, சொல்லாவிட்டாலென்ன?

படகு தையரோவா முனையைச் சுற்றியது. காற்று முகத்தில் உப்பை அறைந்தது. பாறைகளில் கடல்நாய்கள் சோம்பல் முறித்தன. முனைக்கு மேலே ஒரு பெரிய ஆல்பட்ராஸ் சிறகை அசைக்காமலே வட்டமிட்டது. ஃபிலிப்பாவின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. அவளை முழுக்க வெறுக்க முடியாமல் போனதே என்று ரேவாவுக்கு எரிச்சலாக இருந்தது.

படகு இன்னும் வெளியே போனதும் கடல்மேல் கறுப்பாக ஒரு பாய் விரித்தது போலத் தெரிந்தது. நெருங்கியபோது பாய் எழுந்து பறந்தது. ஆயிரக்கணக்கில் தீத்திகள், அலையைச் சிறகு நுனியால் கீறிக்கொண்டு போயின. ரேவாவின் உள்ளங்கை தானாக விரிந்தது. பொந்துக்குள் விரல் படும்போது குஞ்சு எவ்வளவு சூடாக இருக்கும் என்பது கைக்கு மறக்காது.

"இதுங்க வருஷா வருஷம் வடக்கே போய்த் திரும்பி வர்ற பறவைங்க" என்றாள் வழிகாட்டிப் பெண், ஒலிபெருக்கியில். "தெற்குத் தீவுகள்ல குஞ்சு பொரிக்கும். அங்க உரிமையுள்ள குடும்பங்க ஏப்ரல், மே மாசத்துல குஞ்சுகளை எடுக்கறது இன்னமும் நடக்குது."

"இன்னமுமா?" ஃபிலிப்பா பைனாகுலரைக் கீழே இறக்கினாள். "பச்சக் குஞ்சை, பொந்துல கைய விட்டு இழுத்தா? இந்தக் காலத்துலயா? காட்டுமிராண்டித்தனம்!"

ஹூரியா கைத்தடியின் பிடியைப் பார்த்தபடி இருந்தாள். ஹாமிஷ் அடிவானத்தில் ஏதோ கப்பல் தெரிவது போல அங்கேயே பார்த்தான்.

ரேவா எழுந்தாள்.

"அந்தக் காட்டுமிராண்டி நான்தான் ஃபிலிப்பா. நானும் எங்கம்மாவும்."

"என்ன சொல்ற?"

"காலையில நீங்க ருசிச்சு ருசிச்சுச் சாப்பிட்டீங்களே, அது வாத்து இல்ல. இதோ பறக்குதே, இதுதான். நான் கைய விட்டு எடுத்தது. எங்கம்மா இறகு பறிச்சது."

ஃபிலிப்பா கையால் வாயைப் பொத்தினாள். முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"என்னை ஏமாத்தியிருக்கீங்க!"

"ஏமாத்துனது உங்க பையன். எங்கம்மா வீட்ல இருந்த கடைசித் துண்டையும் உங்களுக்குக் கொண்டு வந்தாங்க. போன கிறிஸ்துமஸுக்கு நீங்க ஆட்டுக்குட்டிக் கறி போட்டீங்க. அதுக்கும் ஒரு அம்மா இருந்துருக்கும். நான் கேட்டேனா? வாங்கித் தின்னுட்டு நன்றி சொன்னேன்."

"அது பண்ணையில வளர்த்தது, அது வேற..."

"வேறதான். அது கடையில கிடைக்கும்." ரேவா மூச்சு வாங்கினாள். "இன்னொண்ணு. ஏப்ரல்ல நான் தீவுல இருப்பேன். ஹாமிஷ் கிறிஸ்துமஸ்லேர்ந்து இதைச் சொல்றேன் சொல்றேன்னு இருக்கான். நான் சொல்லிட்டேன். மண்டபம், பூ, இலை எல்லாம் அப்படியே இருக்கட்டும். பொண்ணு மட்டும் இருக்கமாட்டா."

"எல்லாருக்கும் பத்திரிகை போயாச்சு!"

"என்னைக் கேக்காமப் போச்சு."

வழிகாட்டிப் பெண் ஒலிபெருக்கியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "நல்லாத்தான் இருந்துச்சு" என்று கிரஹாம் கடலைப் பார்த்துச் சொன்னார். அந்த நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் கருத்து அது. ஃபிலிப்பா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தன் சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கத் தொடங்கினார்.

எல்லாரும் ஹாமிஷைப் பார்த்தார்கள். ரேவா காத்திருக்கவில்லை. போனை எடுத்து அழைத்தாள். காற்றுக்கு மேலே கத்த வேண்டியிருந்தது.

"தியோனே மாமா! ரேவா பேசறேன். படகுல என் பேரைப் போடுங்க. ஆமா, உறுதிதான். ஒரு ஆள். இல்ல, அம்மாவால முடியாது, இடுப்பு..."

போன் அவள் கையில் இல்லை. ஹூரியா பிடுங்கியிருந்தாள்.

"டேய் தியோனே! யாருக்குடா முடியாது? ரெண்டு பேர்னு போடு." அவள் குரல் என்ஜினுக்கு மேலே கேட்டது. "பொந்துல கைய விட இவ இருக்கா. உக்காந்து இறகு பறிக்க எனக்கு இடுப்பு எதுக்கு, கைதானே வேணும்? என்னை ஏத்தி எறக்க நாலு பேரைத் தயார் பண்ணு. சும்மா சிரிக்காத, கட்டையில போறவனே, வை போனை!"

போனை மகளிடம் கொடுத்துவிட்டு ஹூரியா ஃபிலிப்பாவின் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து குனிந்திருந்த தலை இப்போது நேராக இருந்தது.

"சம்பந்தியம்மா, அது வாத்து இல்ல. பேரு தீத்தி. பொய் சொன்னது என் தப்பு. கொண்டு வந்தது தப்பில்ல."

ஃபிலிப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு பறவைகளைப் பார்த்தாள். அவற்றை எப்படிப் பார்ப்பது என்று அவளுக்கே இப்போது தெரியவில்லை போலிருந்தது.

"அம்மா, ஜூன்ல வெச்சுக்கலாம்" என்றான் ஹாமிஷ், வாய்க்குள்ளேயே.

"கேக்கல" என்றாள் ரேவா.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். படகு ஆடியது. "கல்யாணம் ஜூன்லம்மா! ஏப்ரல்ல இல்ல!" என்று கத்தினான். கடைசி வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

"ஜூன்லயா? அந்தக் குளிர்லயா? யார் வருவாங்க?" என்றாள் ஃபிலிப்பா.

"வர்றவங்க வரட்டும்" என்றாள் ரேவா. ஹாமிஷ் ஆவலோடு அவள் முகத்தைப் பார்த்தான். பாராட்டை எதிர்பார்க்கிற முகம். ஒரே ஒரு தடவை கத்தியதற்குள் பாராட்டா? தீவில் இரண்டு மாதம் இருக்கிறது, யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். ஜூனில் கல்யாணம் உண்டா இல்லையா என்று திரும்பி வந்து அவளே சொல்வாள்.