கவிழ்த்து வைத்த தம்ளர்

சுங்கச்சாவடியின் கட்டுப்பாட்டு அறையில் அவள் முன்னால் ஒரு கேமராத் திரையும் ஒரு பச்சைப் பொத்தானும் இருந்தன. அழுத்தினால் எல்லாத் தடுப்புக் கம்பிகளும் ஒன்றாக எழும். மறுபடி அழுத்தினால் இறங்கும். வரிசை மஞ்சள் கோட்டைத் தாண்டிவிட்டால் தூக்கிவிட வேண்டும் என்பது விதி.

அவளுடைய அண்ணனுக்கு வரிசையின் கடைசியில் வேலை. வளைவுக்கு அப்பால் சிவப்புக் கொடியோடு நின்று, வருகிற வண்டிகளின் வேகத்தைக் குறைப்பான். எல்லோரும் அவனை 'வால்' என்றுதான் கூப்பிட்டார்கள். வண்டிகள் ஊரும்போது நடுவே புகுந்து எதிர்ப்பக்கம் போவான். அதற்கு முன் வாக்கிடாக்கியில் சொல்வான். அவள் பொத்தான்மேல் தம்ளரைக் கவிழ்ப்பாள். தம்ளர் இருக்கும்வரை கம்பியைத் தூக்கக் கூடாது. அவன் சேர்ந்துவிட்டதாகச் சொன்ன பிறகே எடுப்பாள்.

"குறுக்க போறேன். கவுத்துட்டியா?"

"கவுத்தாச்சு. மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி போகாம சீக்கிரம் போ."

"உத்தரவு, மகாராணி."

வரிசை வளர்ந்தது. ஹாரன் சத்தம் கண்ணாடியை அதிரவைத்தது. மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மஞ்சக் கோடே தெரியலம்மா. வெளியில என்னைப் பிச்சுத் திங்கறாங்க. தூக்கு."

அவளுக்குத் தொண்டை வறண்டது. தம்ளரை எடுத்துத் தண்ணீர் பிடித்து ஒரு மடக்குக் குடித்தாள். பொத்தான்மேல் ஒன்றும் இல்லை. அழுத்தினாள்.

கம்பிகள் எழுந்த பிறகுதான் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தாள்.

திரையில் அண்ணன் இரண்டு தடங்களுக்கு நடுவே, வெள்ளைக் கோட்டின்மேல் நின்றான். இருபுறமும் வண்டிகள் வேகம் பிடித்தன. ஒரு லாரி அவன் கொடியை உரசிக்கொண்டு போனது.

மறுபடி அழுத்தினாள். கம்பிகள் இறங்கின.

"என்னம்மா பண்றே?"

"அண்ணன் நடுவுல நிக்கிறான் சார்."

முன்வரிசை உடனே நின்றது. ஆனால் அந்த நிற்றல் அண்ணனிடம் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு வண்டியும் தனக்கு முன்னால் இருப்பதைப் பார்த்துத்தான் நிற்கும். பின்விளக்குகள் ஒவ்வொன்றாய்ச் சிவந்துகொண்டே பின்னோக்கிப் போயின. பேருந்து. அதன் பின்னால் வேன். வளைவுக்கு அப்பால் வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. மேனேஜர் திட்டவில்லை, திரையருகே குனிந்து, "நில்லுங்கடா, நில்லுங்கடா," என்று முணுமுணுத்தார்.

அண்ணனுக்குப் பக்கத்திலிருந்த காரும் பின்விளக்கு சிவந்து நின்றது. அதன் முன்பக்கத்தைத் தட்டிவிட்டு அவன் கடந்து போனான்.

"சேந்துட்டேன்," என்றது வாக்கிடாக்கி. மூச்சு வாங்கியது. "தம்ளர் எங்க?"

"கையில."

"தண்ணி குடிச்சியா?"

"ம்."

"மிச்சத்தையும் குடிச்சிடு. அப்புறம் தூக்கு."

குடித்தாள். பாதி மேசையில் சிந்தியது.

"ஓரமா நிக்கிறியா?" என்று கேட்டாள். பதில் வந்த பிறகும் இன்னொரு முறை கேட்டாள்.