காயாத துண்டு

அந்த ஆண்டு மார்ச் முதல் நெரிடா பால்ஃபோரின் வீட்டில் எதுவும் கெடவில்லை. திறந்து வைத்த பால் இரண்டு வாரம் புளிக்கவில்லை. உரக்குழியில் போட்ட வாழைப்பழத் தோல் மஞ்சளாகவே கிடந்தது. ஐஸ் செலவு மிச்சம் என்று ஊர்க்காரர்கள் மீனைக் கொண்டுவந்து அவள் கொட்டகையில் அடுக்கினார்கள். அடிபட்ட கோலா விலங்குகளை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் அவளைச் சுத்தத்தில் மிஞ்ச ஆளில்லை. இதுவும் அந்தச் சுத்தத்தின் பலன்தான் என்று ஊர் முடிவுகட்டியது.

உண்மை அவளுக்குத் தெரியும். பிப்ரவரியில் கார் மோதிய தாய்க் கோலா ஒன்று, வயிற்றுப் பையில் குட்டியோடு வந்தது. பால் மறக்கும் குட்டிக்குத் தாய் தன் குடலிலிருந்து பச்சைக் கூழ் கழித்து ஊட்டும். தைல மர இலையின் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன. விலங்குப் பராமரிப்புச் சங்கம் பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டபோது “எனக்கா பயிற்சி?” என்று கேட்டவள் நெரிடா. அந்தக் கூழை வயிற்றுப்போக்கு என்று எண்ணி, ஒரு வாரம் குட்டியின் வாயை வெந்நீர்த் துண்டால் துடைத்தாள். தாய் செத்தது. குட்டி நாள் முழுக்க இலை தின்றது. தின்ற இலை பச்சையாகவே வெளியே வந்தது. வயிறு நிறைந்திருக்க, உடம்பு வற்றியது. சங்கத்தின் சுற்றறிக்கையைப் படித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பக்கத்துத் தெரு மெர்வ் வளர்க்கும் கோலாவின் புழுக்கையைக் கரைத்துக் கொடுத்தால் பிழைக்கும். ஆனால் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் வெட்கக்கேடு. பதினேழு நாள் வாயைத் திறக்கவில்லை. அவள் மறைக்கத் தொடங்கிய அன்றிலிருந்துதான் வீட்டில் எதுவும் கெடவில்லை.

மெர்வ் மீன் கூடையோடு வந்தான்.

“ஏம்மா நெரிடா, உன் வீட்ல செத்தாக்கூட நாறாது போல. எனக்கும் ஒரு மூலை ஒதுக்கி வை.”

குட்டியைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. “என்ன, எலும்பும் தோலுமா இருக்கு? கூழ் குடிச்சுதா இல்லியா?”

“நான்தான் தொடைச்சிட்டேன், மெர்வ்.” மேசைமேல் பால் திரிந்தது. “இதுக்கு மட்டும் இல்ல. முன்னாடி செத்துச்சே, அந்த ஏழு குட்டிக்கும்.”

கொட்டகையில் மீன் அத்தனையும் ஒரே நொடியில் நாறியது.

மெர்வ் மூக்கைப் பொத்தினான். “சரி, வாளியைக் குடு. என் கோலா போட்ட புழுக்கையைப் பொறுக்கிட்டு வரேன்.”

குட்டி பிழைத்தது, அடுத்த வசந்தத்தில் காட்டுக்குப் போனது. மீன் பறிகொடுத்தவர்கள் கொஞ்ச நாள் முறைத்தார்கள். நெரிடா பயிற்சி வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் கேட்க ஏழு குட்டிகள் செத்த கதையையும் சொன்னாள். குட்டிகளின் வாயைத் துடைத்த அந்தத் துண்டு மட்டும் காயவில்லை. எத்தனை முறை துவைத்தாலும் பச்சைக் கறை ஈரமாகவே இருந்தது. அதை அவள் ஒளித்து வைக்கவில்லை. வாசல் பக்கத் துணிக்கொடியில் போட்டாள். பதினெட்டு வருடமாக அங்கேயே சொட்டிக்கொண்டிருக்கிறது. தபால்காரர் தலையில் படாமல் குனிந்து போய்க் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்.