கட்டைக்கும் மணிக்கும் நடுவில்

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் வைண்டிங் பட்டறைக்கு அரை நாள்தான் வேலை. பன்னிரண்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டால் உலகத்துக் குத்துச்சண்டைக்காரர்கள் எல்லோரும் உள்ளே வந்தாக வேண்டும். ஒரே குத்தில் ஆளைச் சாய்த்ததில் யார் பெரியவன் என்பதுதான் வழக்கு. பக்கத்து சலூன்காரர் ஜார்ஜ் ஃபோர்மன் கட்சி. லாரி டிரைவர் மைக் டைசன் கட்சி. இரண்டு பேரும் ஜென்மத்தில் ஒரு கொசுவைக்கூட ஒழுங்காக அடித்ததில்லை. வாய் மட்டும் தரையில் நிற்காது.

“நாப்பத்தஞ்சு வயசுல ஆளைப் படுக்கவெச்சுப் பட்டம் வாங்கினவன்யா ஃபோர்மன்!”

“டைசன் மொறைச்சாலே பாதிப் பேருக்குக் கால் ஆடிடும்.”

பட்டறைக்காரர் இரண்டையும் ஊதித் தள்ளுவார். “ஃபோர்மனாவது டைசனாவது! நம்ம ஊரு பாக்ஸர் சம்மட்டி விட்டான் பாரு ஒண்ணு, அதுக்கு முன்னால எவனும் நிக்க முடியாது. பக்கத்துல இருந்து பாத்தவன் சொல்றேன்.”

பக்கத்திலிருந்து பார்த்தது உண்மைதான். பதினோரு வருஷத்துக்கு முன் அந்தப் போட்டியில் நேரம் பார்த்தவரே அவர். கையில் ஸ்டாப்வாட்ச், முன்னால் மணி. குத்து வாங்கி விழுந்தவன் அவருடைய தங்கை புருஷன். எழுந்தபோது அவன் பழைய ஆளாக எழவில்லை. நாக்கு குழறியது, இடது கை நடுங்கியது. இப்போது பட்டறை மூலையில் உட்கார்ந்து, எரிந்துபோன மோட்டார்களிலிருந்து செம்புக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். அவன் காதுபடத்தான் இத்தனை பெருமையும்.

கேட்பவர்கள் வாய்ச்சவடால் என்று நினைத்தார்கள். உள்ளே இருந்தது வெறும் உதறல். சுற்றுக்கான நேரம் முடிந்து நாலு வினாடி கழித்து விழுந்த குத்து அது. மணியை அடிக்க வேண்டிய அவரே அடிக்கவில்லை. வாட்ச் அவர் கையிலேயே இருந்ததால் வேறு யாருக்கும் தெரியாது. தங்கைக்குத் தெரிந்தால் இந்த ஜென்மத்தில் அவர் முகத்தில் விழிக்க மாட்டாள். குத்து பெரிதாகப் பெரிதாக மணியைப் பற்றி எவன் கேட்கப்போகிறான்? அதனால் வாராவாரம் அதை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார், பாவி மனுஷன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்மட்டியே வந்து நின்றான், வழுக்கையும் தொப்பையுமாக, தோளில் ஒரு தண்ணீர் மோட்டாரோடு. தங்கை சாப்பாட்டு கேரியரோடு அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தாள். சலூன்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

“நீங்களே சொல்லுங்க, உலகத்துலயே பெரிய குத்து உங்களுதா இல்லையா?”

“அட, நீங்க வேற! சம்மட்டின்னு பேரு வந்ததே அந்த ஒரு குத்துக்கு அப்புறம்தான். முன்னயும் பின்னயும் ஒருத்தனைக்கூட நான் ஒரே அடியில படுக்கவெச்சதில்ல.” மூலையில் இருந்தவனைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கிப்போனது. “அண்ணே, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு ஏன் கையை இறக்கினீங்க? நான் ஓங்கிட்டேன், நிறுத்த முடியல.”

பட்டறைக்காரர் குறுக்கே பாய்ந்தார். “அவனுக்கு அதெல்லாம் ஞாபகம் இல்ல. மோட்டாருக்கு என்ன கோளாறு, அதைச் சொல்லுங்க.”

“இருக்கு,” என்றான் மூலையில் இருந்தவன். ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்துப் பேசினான். “சுத்து முடிய பத்து செகண்டு இருக்கறப்ப கட்டையைத் தட்டுவாங்க. தட்டினதும் எண்ண ஆரம்பிப்பேன். அன்னிக்கும் பத்து வரைக்கும் எண்ணினேன். மச்சான்தான மணிகிட்ட உக்காந்திருக்காருன்னு கையை இறக்கினேன்.”

தங்கை கேரியரைக் கீழே வைத்தாள். “என்னண்ணா இது?”

இனி மழுப்ப இடமில்லை. “எந்திரிச்சு நின்னு கத்திட்டு இருந்தேம்மா. மாப்ள ஜெயிக்கிற மாதிரி இருந்துச்சு. விடாத, அடின்னு கத்தினதுல... மணியடிக்கிற சுத்தியல் கையிலதான் இருந்துச்சு.”

“அதைச் சொல்லாம, இவர் முன்னாடியே உக்காந்து அந்தக் குத்தைப் புகழ்ந்துட்டு இருந்தியா?” அவள் புருஷனின் நடுங்கும் கையைப் பிடித்துத் தூக்கினாள். “எந்திரிங்க, போலாம்.”

பட்டறைக்காரர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் முட்டியது. “தெரிஞ்சும் ஏன் மாப்ள என்னை ஒரு வார்த்தை கேக்கல?”

“நீங்க கத்தினது எனக்குக் கேட்டுச்சு மச்சான். அன்னிக்கு உங்க மேல கோவமே வரல.” அவன் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டான். “நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இருந்தேன்.”