நாலு மணிக் கோபம்

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. மூன்றாம் ஷெட் வாசல் ஆணியில் ஓர் அட்டை தொங்கும். கோழிகளுக்குத் தண்ணீரில் மருந்து கலந்த நேரம், எடுத்த தீவனம், முட்டை, சாவு எல்லாம் அதில் ஏறும். அங்கே வேலை செய்யும் மாரக்காளிடமும் அப்படி ஓர் அட்டை இருந்தது. அதைச் சோற்றுப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

குழாயைத் திறந்துவிட்டு மறப்பது, பாதித் தீவனத்தோடு வேறு வேலைக்கு ஓடுவது என்று முப்பத்தெட்டு வயதுவரை திட்டு வாங்கியவள். அது திமிர் இல்லை, கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏடிஎச்டி என்று போன மாதம் டாக்டர் சொன்னார். மாத்திரை கொடுத்து, நாள் முழுக்க அது என்ன செய்கிறது என்று இரண்டு வாரம் எழுதி வரச் சொன்னார். அதை வைத்துத்தான் மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று பார்ப்பாராம். வயசான பிறகு கற்ற எழுத்தில் மாரக்காள் எழுதினாள்.

பதின்மூன்றாம் நாள் அட்டை சூப்பர்வைசர் கந்தவேல் கையில் சிக்கியது. முட்டை அடுக்கும் பெண்கள் கேட்க உரக்கப் படித்தார். எட்டு மணி, மாத்திரை. ஒன்பது, தலைக்குள் இரைச்சல் அடங்கியது. ஒரு மணி, பசி இல்லை. நாலு மணி, மருந்து வேகம் இறங்குது, சிடுசிடுப்பு. பெண்கள் சிரித்தார்கள்.

“பைத்தியத்துக்கு மாத்திரை திங்கறவள வெச்சு நான் பண்ணை ஓட்டோணுமா? மாத்திரைய உடு, இல்லீன்னா வேலைய உடு” என்று அட்டையைக் கிழிக்கப் போனார்.

கிழித்தால் பதின்மூன்று நாளும் போச்சு. மாரக்காள் வெடுக்கென்று பிடுங்கினாள்.

“பாரு, மணி நாலாச்சு. எழுதி வெச்சாப்பலயே சிடுசிடுப்பு வந்துருச்சு” என்றார் கந்தவேல்.

அவள் ஷெட் அட்டையைக் காட்டினாள். “இது உங்க எழுத்துதானுங்க? கோழிக்கு மருந்து குடுத்தா மணி பாத்து எழுதறீங்க. எந்தக் கோழியவாச்சும் பைத்தியம்னீங்களா? இந்தப் பதிமூணு நாள்ல ஒரு கொழாயத் தொறந்து போட்டுட்டுப் போனனா, சொல்லுங்க.”

முட்டை அடுக்கிய பெண்களில் ஒருத்தி, சரிதா, ஒருநாள்கூட இல்லை என்றாள்.

“மருந்து சாப்படறது கேவலமில்லீங்க. சாப்படறவங்களப் பாத்துச் சிரிக்கறதுதான் கேவலம். மாத்திரையையும் உட மாட்டேன், வேலையையும் உட மாட்டேன்.”

ஷெட் அட்டை தொங்கிய அதே ஆணியில் தன் அட்டையையும் மாட்டினாள். பேனாவை எடுத்து, எல்லாரும் பார்க்க, நின்றபடியே எழுதினாள்.

நாலு மணி. கோபம் வந்தது. மருந்து இறங்கியதால் இல்லை.