வியாழக்கிழமை மக்வாலா யாருடைய ஆள்?

1.

இந்தக் கதை லமாரா சொன்னது. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் ஜார்ஜியப் பெண். என் சமையலறையில் நின்றபடி, மூச்சிரைக்கச் சொன்னாள். பாதிதான் சொன்னாள். மீதி அவளுக்குத் தெரியாது. அவளுடைய சிநேகிதி மக்வாலாவின் போன் அணைந்தே கிடக்கிறது.

2.

அருங்காட்சியகமாகிவிட்ட பழைய அரண்மனையின் பளிங்குப் படிக்கட்டின் கீழே மக்வாலா கண்ணகல நின்றாள், அவள் வாழ்நாளில்...

(வேண்டாம். அவள் அப்படி நிற்கிற ஆளில்லை. பேசவிடுகிறேன்.)

"இவ்வளவு பெரிய வீட்டுல எத்தனை கக்கூஸ் இருந்திருக்கும்டி?"

"ராஜா வீட்டுக்கு வந்து கக்கூஸக் கணக்கெடுக்கிறா பாரு! இன்னிக்கு வியாழக்கிழமைடி, நமக்கு லீவு," என்றாள் கூட வந்த லமாரா.

"லீவுன்னா கண்ணுக்குமா லீவு? அந்தத் தாத்தாவப் பாரு. முகம் வெளுத்துப்போச்சு."

நேப்பிள்ஸ் பக்கம் கிழடுகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு வாரத்தில் வியாழன் பிற்பகல் சொந்தம். சுற்றுலா என்று சொல்லி இத்தாலிக்குள் நுழைந்தவள் மக்வாலா. வந்து வருடங்கள் ஆயின. விசா இல்லை, காகிதம் இல்லை. சுற்றிப் பார்க்கக் கிளம்பியது அன்றைக்குத்தான்.

3.

அரசரின் படுக்கையறை. முகம் வெளுத்த அந்தக் கிழவரின் மகள் கூரை ஓவியத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். கிழவரின் முழங்கால் மடிந்தது. மக்வாலா யோசிக்கவில்லை. (இங்கே அவளை ஒரு நொடி யோசிக்கவைத்து எழுதிப்பார்த்தேன். பொய்யாக இருந்தது.) பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, தடுப்புக் கயிற்றைத் தாண்டி, பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். பட்டும் தங்கமுமான நாற்காலி. எச்சரிக்கை மணி அலறியது.

"ஏய்! அது ராஜா நாற்காலி! எழுப்பு அவர!" காவலாளி ஓடிவந்தார்.

"ராஜா செத்தாச்சு. இவரு இன்னும் சாகல. தாத்தா, குனிங்க. மூச்சு விடுங்க."

"போலீஸக் கூப்பிடுறேன். உன் காகிதத்த எடுத்து வை."

டிக்கெட் கிழித்தபோது இதே ஆள் 'நீங்க' என்றார்.

மகள் அப்போதுதான் திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், மக்வாலாவின் கைகளைப் பார்த்தாள். உடனே புரிந்துகொண்டாள். அந்தக் கைகளை அவளுக்குத் தெரியும். அவள் வீட்டிலும் வாரம் முழுக்க அப்படி இரண்டு கைகள் உண்டு.

"எங்க வீட்டு வேலைக்காரின்னு சொல்லிடுறேன்," என்று காதோரம் சொன்னாள். "தெரியாம செஞ்சிட்டான்னு முடிச்சிடலாம். நீ தலைய மட்டும் ஆட்டு."

சொல்லிக்கொண்டே தன் கைப்பையையும் அப்பாவின் கோட்டையும் மக்வாலாவின் கையில் மாட்டினாள்.

வாசலில் நின்ற லமாரா அதுவரைதான் பார்த்தாள்.

4.

தலையாட்டுகிற முடிவை எழுதினேன். மக்வாலா தலையைத் தாழ்த்தி, "ஆமாம் ஐயா, இவங்க வீட்டுல..."

கிழித்துப்போட்டேன். நன்றி சொல்ல வேண்டிய மகளுக்கு எவ்வளவு துணிச்சல்! தன் காசில் டிக்கெட் வாங்கி வந்தவள் தப்பிக்க வேண்டுமானால் வேலைக்காரியாகத்தான் வெளியே போக வேண்டுமா, தன் ஒரே வியாழனில்?

இன்னொன்று எழுதினேன். கோட்டைத் தரையில் போட்டு, "நான் யாரோட ஆளும் இல்ல. சுத்திப் பார்க்க வந்தவ!" என்கிறாள். எழுதும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. லமாராவுக்குப் படித்துக் காட்டினேன்.

"நீங்க எழுதிட்டு காப்பி குடிப்பீங்கம்மா. போலீஸ் பிடிச்சு விமானத்துல ஏத்துறது அவளத்தான். ஊருல மகன் படிப்பு நின்னுடும். தலைய ஆட்ட வைங்க."

"உனக்கு வெட்கமா இல்லையாடி? விட்டுட்டு ஓடி வந்தவ நீ."

"ஓடினேன். எனக்கும் காகிதம் இல்ல, நின்னிருந்தா இப்ப ரெண்டு பேரு உள்ள. நீங்க யாருகிட்ட கோபப்படுறீங்க?"

5.

யாரிடம் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"அந்த ரூமுல கூட்டம் இருந்துச்சாடி?"

"நெரிசல். எல்லாருமே பார்த்தாங்க. அவர் விழப்போனத, இவ பிடிச்சத."

"ஒருத்தரும் எதுவும் சொல்லலையா?"

"படம் எடுத்தாங்கம்மா."

ஆகவே நான் அவள் தலையை ஆட்டவைக்கவும் மாட்டேன், நிமிர்த்தவும் மாட்டேன். இரண்டுமே அவளிடம் கேட்கக் கூடாதவை. காகிதம் கேட்டுக் காவலாளியின் கை நீண்டிருக்கிறது. மகள், "சீக்கிரம்," என்கிறாள். நீங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம், டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பையில் பத்திரமாக, போனை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறீர்கள்.

கையை இறக்குங்கள். வாயைத் திறவுங்கள்.